ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்: மலைப்பகுதி மக்களும் நோயாளிகளைப் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

ஸ்க்ரப் டைபஸ் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் கடியால் மனிதருக்கு ஏற்படும் பாக்டீரியாக் காய்ச்சல் ஆகும். முதல் வாரத்திலேயே கண்டறியப்பட்டால் விலை குறைந்த மாத்திரைகளால் சில நாட்களில் முழுமையாகக் குணமாகும். கவனிக்கப்படாமல் இரண்டாம் வாரத்தைக் கடந்தால் நுரையீரல், மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையே பெரும்பாலும் நான்கைந்து நாட்களே உள்ளன.

இப்பக்கம் வெள்ளிமலை, கரியாலூர் உள்ளிட்ட கல்வராயன் மலைக் கிராமங்களிலும் கச்சிராயபாளையம் போன்ற அடிவார ஊர்களிலும் வாழ்வோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டுள்ளது. மலையிலிருந்து மருத்துவமனைக்கு வரும் தொலைவு அதிகம் என்பதால், வீட்டிலேயே எதைக் கவனிக்க வேண்டும் என்பது இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. நோயாளியைப் பராமரிப்பவர் நீங்கள் என்றால், ‘கரும்பொருக்கு’ என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

இந்நோய் ஏன் இப்போது அதிகம் பேசப்படுகிறது?

2024-25 குளிர்காலத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் பாதிப்பு அதிகரித்ததைத் தொடர்ந்து, பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் அறிவுறுத்தல்களை வெளியிட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் போன்ற வட மாவட்டங்களின் பெயர்கள் அப்போது செய்திகளில் இடம்பெற்றன. ‘புதிய காய்ச்சல் பரவுகிறது’ என்ற பேச்சும் உடன் எழுந்தது.

உண்மையில் இது புதிய நோயன்று. இரண்டாம் உலகப்போரின்போது அசாம்-பர்மா எல்லையில் போரிட்ட படையினரிடையே இந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தது. நோய்க்கிருமியின் அறிவியல் பெயரான ‘ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி’ என்பதன் பின்பகுதி ஜப்பானியச் சொல். ‘தீங்கு தரும் பூச்சி’ என்பது அதன் பொருள். குணப்படுத்தும் மருந்து 1948-இல் கோலாலம்பூரில் கண்டறியப்பட்டது. குளோராம்பெனிகால் என்ற மருந்தை அங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது காய்ச்சல் ஓரிரு நாட்களில் தணிந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தியாவில் இந்நோய் அதிகம் பேசப்படவில்லை. கடந்த 20, 25 ஆண்டுகளாக மீண்டும் பரவலாகக் கண்டறியப்பட்டு வருவதால், மருத்துவ உலகம் இதனை ‘மீண்டெழும் நோய்’ என வகைப்படுத்துகிறது.

நாம் அறிந்ததைக் காட்டிலும் இந்நோய் பரவலானது என்பதற்கு அண்மைய சான்றும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் இணைந்து, 2020 முதல் 2022 வரை வட தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கண்காணித்தன. அக்கிராமங்களில் ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இக்கிருமியின் தொற்றுக்கு உள்ளாகின்றனர் என்பது 2025-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வெளிப்படுவதில்லை. சிலருக்கு மட்டுமே காய்ச்சல் வருகிறது. அச்சிலரில் ஒரு பகுதியினரே மருத்துவமனையில் சேரும் நிலைக்குச் செல்கின்றனர். எனவே இச்செய்தியைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நம் ஊர்ப்பக்கத்தில் காய்ச்சல் வந்தால் எண்ணிப் பார்க்க வேண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் போதும்.

பெயரால் நேரும் குழப்பங்கள்

செய்தித்தாள்களில் இந்நோய் ‘உண்ணிக் காய்ச்சல்’ எனக் குறிப்பிடப்படுகிறது. சொல்வதற்கு எளிய பெயர்தான். ஆனால் அது தெளிவைவிடக் குழப்பத்தையே அதிகம் தந்துள்ளது. ‘உண்ணி’ என்றவுடன் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டியிருக்கும், கையால் பிடுங்கக்கூடிய உண்ணியே நம் நினைவுக்கு வரும். ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது அதுவன்று. ‘எங்கள் வீட்டில் மாடும் இல்லை, நாயும் இல்லை, ஆகவே இது வர வாய்ப்பில்லை’ என்று பலர் மருத்துவரிடம் கூறுவதற்கு இப்பெயரே காரணம். மாட்டு உண்ணி போன்ற பெரிய உண்ணிகளால் வரும் நோய்கள் வேறு. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய் அவற்றுள் ஒன்று. அது வைரஸால் வருவது, அதற்கான சிகிச்சையும் வேறு.

‘டைபஸ்’, ‘டைபாய்டு’ என்ற இரு சொற்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் மற்றொரு குழப்பம் நேர்கிறது. டைபாய்டு அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது. இரண்டுக்கும் மருந்துகள் வேறு. முன்பு மருத்துவமனையில் ‘டைபஸ்’ என்று சொல்லப்பட்டதை வீட்டில் ‘டைபாய்டு’ என்று நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த மருத்துவரிடம் அவ்வாறே தெரிவித்தால் சிகிச்சை திசைமாறக்கூடும். மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து அதையே காட்டுங்கள்.

சிற்றுண்ணி எங்கே வாழ்கிறது?

இச்சிற்றுண்ணி மண்ணில் வாழ்வது. வளர்ந்த சிற்றுண்ணி மனிதரைக் கடிப்பதில்லை; முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் பருவத்தில் மட்டுமே கடிக்கிறது. செம்மஞ்சள் நிறமுடைய அக்குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். புல் நுனியிலும் சருகின் மேலும் கூட்டமாகக் காத்திருந்து, அவ்வழியே செல்லும் எலி, மூஞ்சூறு போன்றவற்றின் மீது தொற்றிக்கொள்ளும். மனிதர் சென்றால் மனிதர் மீதும் தொற்றும். உடலில் ஏறியபின், ஆடை இறுக்கமாகப் படியும் இடத்தையோ தோல் மென்மையான மடிப்பையோ தேடிச் சென்று அங்கே ஓரிரு நாட்கள் ஒட்டியிருந்து திசுநீரை உறிஞ்சும். அப்போது வலியோ அரிப்போ பெரும்பாலும் தெரிவதில்லை. பூச்சி கடித்ததாக நினைவில்லை என்று நோயாளி கூறுவதைக் கொண்டு இந்நோய் இல்லையென முடிவு செய்ய இயலாமைக்குக் காரணம் இதுவே.

தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் கிருமி அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. ஆகவே ஓர் இடத்தில் கிருமி நிலைபெற்றால் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒரே ஊரில் ஓர் ஓடைக்கரையில் ஆபத்து இருக்கும். நூறு அடி தள்ளி இருக்காது.

அடர்ந்த காட்டைவிட, காட்டின் விளிம்பும் புதர் மண்டிய தரிசும் வயல் வரப்பும் ஓடைக்கரையும் வீட்டுப் பின்புறத்துப் புல்வெளியுமே இதற்கு உகந்த இடங்கள். கல்வராயன் மலையின் அமைப்பை எண்ணிப் பாருங்கள்: மரவள்ளிக் காட்டை ஒட்டிப் புதர், அதை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் விறகுக் குவியல், அதனுள் எலி. கடுக்காய் பொறுக்கவும் விறகு எடுக்கவும் ஆடு மேய்க்கவும் செல்பவர்கள் நாள்தோறும் இந்த விளிம்புகளைக் கடக்கின்றனர். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வந்து புல்தரையில் அமர்ந்து உணவுண்டு செல்லும் வெளியூரார்க்கும் இது பொருந்தும். அவர்களுக்கு ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும்; மலைக்குச் சென்றுவந்ததை மருத்துவரிடம் சொல்ல அவர்களுக்குத் தோன்றாது.

தமிழ்நாட்டில் மழைக்குப் பின் புல் தழைக்கும் மாதங்களில், ஏறத்தாழ ஆகஸ்ட் தொடங்கி பிப்ரவரி வரை, பாதிப்பு மிகுதி. டெங்கு பரவும் பருவமும் இதுவே.

அறிகுறிகள்

கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் 10 முதல் 12 நாட்களில், காய்ச்சல் தொடங்கும். குளிரும் கடுந்தலைவலியும் உடல்வலியும் உடன் வரும். கண் சிவத்தல், வறட்டு இருமல், குமட்டல், வயிற்றுவலி, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறிகட்டுதல் ஆகியவையும் காணப்படலாம். உடலில் செந்தடிப்பு தோன்றலாம். மாநிறத் தோலில் அது எளிதில் தெரியாது.

இவற்றுள் எதுவும் இந்நோய்க்கே உரியதன்று. டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா, டைபாய்டு ஆகிய அனைத்தும் தொடக்கத்தில் இவ்வாறே இருக்கும். ஸ்க்ரப் டைபஸிலும் தட்டணுக்கள் குறையும் என்பதால், இரத்த அறிக்கையை மட்டும் பார்த்தால் டெங்கு போலவே தோன்றும். ‘டெங்கு இல்லை’ என்று அறிக்கை வந்தவுடன் குடும்பத்தார் நிம்மதியுடன் வீடு திரும்பிவிடுவது இயல்பு. காய்ச்சல் நீடிக்குமானால் அந்த நிம்மதி தவறானது. அடுத்து என்ன காரணம் என்று கேட்க வேண்டிய நேரம் அதுவே.

கரும்பொருக்கு: பராமரிப்பவர் தேட வேண்டியது

சிற்றுண்ணி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் தோன்றி, பின்னர் நடுவில் கருகிய பொருக்காக மாறும். பீடி நெருப்பு பட்டு ஆறியது போல, சிவந்த விளிம்புடன் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். காய்ச்சல் தொடங்கும் வேளையில் இது பெரும்பாலும் உடலில் இருக்கும். இப்பொருக்கு காணப்பட்டால், இப்பகுதியில் வேறு எந்தக் காய்ச்சலையும்விட ஸ்க்ரப் டைபஸையே மருத்துவர் முதலில் கருதுவார். ஆய்வகம் இல்லாத இடத்திலும் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இது.

சிக்கல் என்னவெனில், இது வலிப்பதில்லை, அரிப்பதில்லை; நோயாளிக்கே தெரியாது. மேலும், மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். வேலூரில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வில், ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் இது அதிகமாகக் காணப்பட்டது. மார்பகத்தின் கீழ் மடிப்பு, பாவாடை நாடாவோ அரைஞாண் கயிறோ படியும் இடுப்பு, தொப்புள், முழங்காலின் பின்புறம், பிட்டம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் என எங்கும் இருக்கலாம். ஈரம் கசியும் மடிப்புகளில் கருமை தோன்றாமல், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஆழமற்ற சிறு புண்ணாகவும் இருக்கக்கூடும்.

நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் ஒவ்வொருவரையும் ஆடை களைந்து பரிசோதிக்க இயலாமல் போவது உண்டு. பெண்கள் ஆண் மருத்துவரிடமும், முதியவர்கள் எவரிடமும், இவ்விடங்களைக் காட்டக் கூச்சப்படுவதும் உண்டு. ஆகவே இத்தேடலை வீட்டிலுள்ளவர் செய்துவிட்டால் மருத்துவருக்கு அது பேருதவி. நோயாளி உங்கள் தாயாராக இருந்தால் வீட்டுப் பெண் ஒருவர் பார்க்கலாம். கணவருக்கு மனைவி பார்க்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், மடிப்புகளை விலக்கி, ஒருமுறை பொறுமையாகப் பார்த்தால் ஐந்து நிமிடமே ஆகும். ஏதேனும் கண்டால் கிள்ளவோ மஞ்சள் பற்றுப் போடவோ வேண்டாம். ‘இங்கே ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறது’ என்று மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்வதற்குக் கூச்சமான இடமெனில், பெண் செவிலியரைத் தனியே அழைத்துக் காட்டலாம்; அது உங்கள் உரிமை.

கரும்பொருக்கு எல்லாரிடமும் இருப்பதில்லை. தென்னிந்திய மருத்துவமனை ஆய்வுகளில் ஏறத்தாழ பாதி நோயாளிகளிடம் மட்டுமே அது காணப்பட்டுள்ளது. இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டால் நோய் இல்லை என்று பொருளன்று.

பரிசோதனை

‘ஐஜிஎம் எலைசா’ என்ற இரத்தப் பரிசோதனை இந்நோய்க்குப் பொதுவாகப் பயன்படுகிறது. உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை அது கண்டறிவதால், காய்ச்சலின் முதல் நான்கைந்து நாட்களில் ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அதன்பின் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபரிசோதனை தேவைப்படலாம். பொருக்கிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ செய்யப்படும் பிசிஆர் பரிசோதனை தொடக்க நாட்களிலும் உதவும். ஆனால் பெரிய ஆய்வகங்களில் மட்டுமே அவ்வசதி உண்டு.

மலையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரியின் முடிவு வர நேரமாகலாம். ஆய்வக முடிவுக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. முடிவு வருமுன்பே மருத்துவர் மாத்திரை தொடங்கினால், அது அவசரத்தால் செய்யப்பட்ட தவறன்று.

சிகிச்சை

டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையே முதன்மை மருந்து. பெரியவர்களுக்குப் பொதுவாக 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, ஏழு நாட்கள் தரப்படும். கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. குழந்தைகளுக்கான மருந்தையும் அளவையும் எடையைப் பொறுத்து மருத்துவரே முடிவு செய்வார். இவை புதிய மருந்துகள் அல்ல, விலையுயர்ந்தவையும் அல்ல. பெருநகர மருத்துவமனைக்குச் சென்றால்தான் மருந்து கிடைக்கும் என்ற எண்ணம் தேவையற்றது. தொடக்க நிலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சை பெறலாம்.

மருந்துக் கடையில் காய்ச்சலுக்கென வாங்கும் அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இந்நோயில் பயன்படா. இக்கிருமி உடலின் உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வதும், அம்மருந்துகள் தாக்கும் செல்சுவர் அதற்குச் சரிவர இல்லாததும் இதற்குக் காரணங்கள். பாராசிட்டமால் வெப்பத்தைத் தணிக்கும்; நோயைத் தொடாது. ‘ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை’ என்று வருபவர்களில் பலர் இழந்திருப்பது அந்த ஐந்து நாட்களைத்தான். அம்மாத்திரையின் அட்டையை மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அதுவும் ஒரு தடயமே.

டாக்சிசைக்ளினை உணவுக்குப் பின், ஒரு முழுக் குவளை நீருடன் விழுங்கவேண்டும். விழுங்கியபின் அரைமணி நேரமேனும் படுக்கக் கூடாது. இல்லையேல் உணவுக்குழாயில் புண் உண்டாகும். இரும்புச்சத்து மாத்திரையையும் நெஞ்செரிச்சல் மருந்தையும் இதனுடன் சேர்த்து உண்டால் மருந்து சரிவர உடலில் சேராது. எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை உண்ணும் நாட்களில் வெயிலில் தோல் எளிதில் கன்றும்.

சரியான மருந்து தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தணிந்துவிடும். அவ்வாறு தணிந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்வது அடிக்கடி நிகழும் பிழை. குறிப்பிட்ட நாட்கள் முழுவதும் உண்ணவேண்டும். 48 மணி நேரத்துக்குப் பின்னும் தணியாவிட்டால் மீண்டும் மருத்துவரைக் காணுங்கள். நோய் வேறாக இருக்கலாம், அல்லது தீவிரமாகியிருக்கலாம்.

தீவிர நிலையில் மருந்துகள் நரம்பு வழியே செலுத்தப்படும். வேலூர் மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 தீவிர நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் தனித்தனியே தருவதைவிட இரண்டையும் சேர்த்துத் தருவதே நல்ல பலன் அளிக்கிறது என்று அது காட்டியது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இரு மருந்துகள் ஒருசேரத் தரப்பட்டால் ஐயுற வேண்டாம்.

எப்போது உடனே மலையிறங்க வேண்டும்?

மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, அளவுமீறிய தூக்கம், வலிப்பு, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி, எழுந்து நிற்க இயலாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். திடீரெனக் காது கேட்பது குறைந்தாலும் மருத்துவரிடம் கூறவேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கப்பட்டுள்ளது. அதன் மருத்துவமனையில் தீவிர சிகிச்சை பெறலாம். கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத கிராமமெனில், காய்ச்சல் தொடங்கிய நாளிலேயே எந்த இடத்தில் சமிக்ஞை கிடைக்கும், எவரிடம் வண்டி உள்ளது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தேடுவது கடினம்.

கருவுற்ற பெண்களுக்கு ஒரு நாள் காய்ச்சலும் காத்திருக்கத் தக்கதன்று. இந்நோயால் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரலாம். குழந்தைகளுக்குக் காய்ச்சலுடன் வலிப்போ மயக்கமோ வந்தால் அதை மூளைக்காய்ச்சல் என்று மட்டும் எண்ணிவிட இயலாது. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட மூளை அழற்சி நோய்க்குப் பல ஆண்டுகளாக வேறு காரணங்களே தேடப்பட்டன. அவர்களில் பெரும்பகுதியினருக்கு ஸ்க்ரப் டைபஸ் தொற்று இருந்தது 2015-16 ஆண்டுகளின் ஆய்வுகளில்தான் வெளிப்பட்டது. காய்ச்சல் தொடங்கியவுடன் கிராம அளவிலேயே உரிய மருந்து கொடுக்கும் முறை அதன்பின் அங்கு வலியுறுத்தப்பட்டது.

பிறருக்குத் தொற்றுமா?

தொற்றாது. இருமலாலோ தொடுதலாலோ ஒரே தட்டில் உண்பதாலோ இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதில்லை. கொசுவாலும் பரவாது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோதும் பின்னர் கொரோனா காலத்திலும், பெயர் புதிதான காய்ச்சல் என்றாலே நோயாளியை விலக்கி வைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்நோய்களில் விலகியிருத்தலுக்குக் காரணம் இருந்தது, இந்நோயில் இல்லை. நோயாளிக்குத் தனி அறையோ தனிப் பாத்திரமோ தேவையில்லை. தாய் குழந்தைக்குப் பாலூட்டுவதைத் தொடரலாமா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. நோயின் காரணமாக நிறுத்தத் தேவையில்லை. பாலூட்டும் செய்தியை மட்டும் மருத்துவரிடம் கூறினால் மருந்தை அதற்கேற்பத் தேர்வார்.

ஒரே வீட்டில் இருவருக்குக் காய்ச்சல் வந்தால், இருவரும் ஒரே புதர்வழியைக் கடந்திருப்பர் என்பதே பெரும்பாலும் பொருள். ஆகவே ஒருவருக்கு நோய் உறுதியானால், அவருடன் அதே இடத்தில் வேலை செய்தவர்கள் அடுத்த மூன்று வாரங்களுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். தெருவில் ஒருவருக்கு வந்துள்ளதைச் செவிலியருக்குத் தெரிவிப்பது எவரையும் காட்டிக்கொடுப்பதாகாது.

தடுப்பு

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. காட்டுக்கும் தோட்டத்துக்கும் போகாமல் இருங்கள் என்று கூறுவதும் பயனற்றது. அது உங்கள் வாழ்வாதாரம். இயன்றவற்றைச் செய்தால் ஆபத்து கணிசமாகக் குறையும்.

அவற்றுள் முதன்மையானது, வேலை முடிந்து வீடு திரும்பியவுடன் சோப்பிட்டுத் தேய்த்துக் குளிப்பதும் அன்று அணிந்த ஆடையைத் துவைக்காமல் மறுநாள் உடுத்தாதிருப்பதும் ஆகும். சிற்றுண்ணி உடலில் ஏறியவுடனேயே கடித்துவிடுவதில்லை. இடம் தேடி அலையும் அந்த நேரத்தில் தேய்த்துக் குளித்தால் அது நீங்கிவிடும். தண்ணீருக்குத் தொலைவு செல்லவேண்டிய கோடை நாட்களில் ஈரத்துணியால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, கால் ஆகியவற்றையேனும் அழுத்தித் துடைக்கலாம்.

முழுக்கைச் சட்டையும் கால்களை மூடும் ஆடையும் உதவும். களைப்பாறப் புல்தரையில் நேரடியாகப் படுக்காமல் சாக்கையோ பாயையோ விரித்துக்கொள்ளுங்கள். துவைத்த துணியைப் புல்லின் மீதும் புதரின் மீதும் உலர்த்துவது மலையில் வழக்கம். கொடியில் உலர்த்துவதே பாதுகாப்பானது. புதர் மறைவில் மலம் கழிக்கச் செல்வதும் கடிபடும் வாய்ப்பைத் தருகிறது. கொசு விரட்டிக் களிம்பு கிடைத்தால் கால்களிலும் ஆடை விளிம்பிலும் பூசிக்கொள்ளலாம்; குழந்தைகளுக்குப் பூசுமுன் உறையிலுள்ள வயதுக் குறிப்பைப் பாருங்கள்.

வீட்டைச் சுற்றிச் சில அடி அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டி வெயில் படச் செய்யுங்கள். விறகைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். தானியத்தை எலி நுழையாதவாறு மூடி வையுங்கள்.

குணமடைந்த பின்

காய்ச்சல் நின்றபின்னும் உடற்சோர்வு சில வாரங்கள் நீடிக்கலாம். அது நோய் திரும்பியதன் அறிகுறியன்று. பொருக்கு தானே உதிர்ந்து சிறு வடு மட்டும் எஞ்சும். மீண்டும் காய்ச்சல் வந்தால் அதைப் பழைய சோர்வு என எண்ணாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்று கூற இயலாது. இக்கிருமியில் பல வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக உண்டான எதிர்ப்பாற்றல் மற்றொன்றிலிருந்து நெடுநாள் காப்பதில்லை. முன்பு ஸ்க்ரப் டைபஸ் வந்திருந்தால் அடுத்த காய்ச்சலின்போது அதை மருத்துவரிடம் மறவாமல் கூறவேண்டும். முன்னைய நோயின் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் சில மாதங்கள் தங்கி, புதிய பரிசோதனையின் முடிவைக் குழப்பக்கூடும். ஐயம் இருப்பின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.